காகிதம் கேட்காத போட்டி: ‘பாட்டுக்குப் பாட்டு’ ஏக்கமும் கண்டி மலைத் தோட்டங்களும்

இலங்கை வானொலியின் ‘பாட்டுக்குப் பாட்டு’ போட்டி நிகழ்ச்சியை ஒரு காலத்தில் தவறாமல் கேட்டவர்களிடம் அதில் வென்ற ஒருவரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. என்ன பரிசு கொடுத்தார்கள் என்று கேட்டாலும் யோசிப்பார்கள். அதை நடத்திய பி. எச். அப்துல் ஹமீதின் குரலை மட்டும் உடனே பேசிக் காட்டுவார்கள். பாட வேண்டிய பாட்டின் முதல் எழுத்தை அவர் அறிவித்த விதம் நினைவிருக்கும். போட்டியாளர் தடுமாறி நின்றதும், அதற்குள் வீட்டில் யாரோ முந்திக்கொண்டு பாடியதும் நினைவிருக்கும். போட்டி என்றால் வெற்றியும் பரிசும்தானே? அவை இரண்டும் மறந்துபோன பிறகும் ஒரு போட்டி நிகழ்ச்சிக்காக ஏங்குகிறவர்கள் உண்மையில் எதற்காக ஏங்குகிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கண்டி நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, கம்பளை, புசல்லாவைத் தோட்டங்களிலும் நின்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். ஒப்பிட்டுப் பார்க்கப் பிரித்தானியாவின் பழைய டார்ட்ஸ் போட்டி நிகழ்ச்சியான ‘புல்ஸ்ஐ’ துணைக்கு வரும். அதன் மீதும் இதே வகை ஏக்கம் அங்கே இன்றும் இருக்கிறது.

பேராதனையில் விழுந்த வித்து

இலங்கை வானொலியின் வரலாற்றைக் கொழும்பில் தொடங்குவது வழக்கம். 1925 டிசம்பரில் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் அங்கே ஒலிபரப்பு ஆரம்பமானது. ஆனால் அந்த வானொலி கடல் கடந்து ஒலித்ததற்கான காரணத்தைத் தேடினால் கண்டிக்கு வர வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் 1944 ஏப்ரலில் தம் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றினார். பேராதனைத் தாவரவியல் பூங்காவில் அது இயங்கியது. அந்தப் படையினருக்காக ஏற்பட்டதுதான் ‘ரேடியோ சீயாக்’. அதற்கென்று எக்கலையில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து 1949இல் அந்தச் சாதனம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியபோது, ஒரு சிறு தீவுக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு வலிமையான கருவி அதனிடம் இருந்தது.

மறுகரையிலும் வழி திறந்தது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்கு இருந்த இடத்தைச் சுருக்கினார். அதே ஆண்டில் அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ இலங்கை வானொலியில் தொடங்கியது. 1957இல் விவித் பாரதி வருவதற்குள் நேயர்களின் காது கொழும்பின் பக்கம் திரும்பிவிட்டது. தமிழில் எஸ். பி. மயில்வாகனம் அந்தப் பாதையை வெட்டினார். பின்னால் வந்த கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீது போன்றோர் அதை நெடுஞ்சாலையாக்கினார்கள். தமிழ்நாட்டில் இவர்களுக்கு இருந்த நேயர் கூட்டம் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ஒலிபரப்பிக்கு அருகிலேயே இருந்த மலைத் தோட்டங்களின் நேயர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

தொலைக்காட்சி பின்னால் வந்தது. 1979 ஏப்ரலில் ஐ.ரி.என். கொழும்பை மையமாக வைத்துத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி வந்தது. பிதுருதலாகலை உச்சியில் அதன் ஒலிபரப்பி நின்றாலும், மலைக்குக் கீழே இருந்த, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் அப்போது மின்சாரம் இல்லை. மோட்டார் வாகன பெட்டரியில் இயங்கிய சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியைச் சுற்றி ஒரு லயமே கூடியது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கி, செய்மதி அன்டெனாக்கள் தகரக் கூரைகளில் ஏறிய பிறகு, வானொலியில் பிறந்த ‘பாட்டுக்குப் பாட்டு’ ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ ஆகி, அதே ஹமீதின் முகத்தோடு திரும்பி வந்தது. கொழும்பிலிருந்து சென்னைக்குப் போன குரல், வானத்தின் வழியாக மறுபடி ஹந்தானைக்கு வந்து சேர்ந்தது.

வெறுமையான நொடிகள்

அந்தப் போட்டியின் விதி எளிது. ஓர் எழுத்து தரப்படும். அந்த எழுத்தில் தொடங்கும் திரைப்பாடலின் பல்லவியைக் குறித்த நேரத்துக்குள் பாட வேண்டும். வட இந்தியாவின் அந்தாக்ஷரிக்கு இது உறவுமுறை. 1993இல் ஸீ தொலைக்காட்சி அதையும் நிகழ்ச்சியாக்கியது. ஆனால் விளையாட்டு உயிர்பெற்றது விதியில் அல்ல. எழுத்து அறிவிக்கப்பட்டதற்கும் பாட்டு வருவதற்கும் இடைப்பட்ட சில நொடிகளில். மேடையில் அமைதி. அந்த அமைதி வீட்டில் இருப்பவர்களுக்கான முறை. லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பெண்ணும், புத்தகத்தை மூடிவிட்டு வந்த பிள்ளையும், சுருட்டைக் கையில் வைத்திருந்த தாத்தாவும் அந்த நொடிகளில் போட்டியாளர்கள். மேடையில் இருப்பவர் பாடி முடிப்பதற்குள் வீட்டில் ஒருவர் வென்றிருப்பார்.

‘புல்ஸ்ஐ’யும் இதே இடத்தில்தான் தன் நேயரைப் பிடித்தது. 1981 செப்டம்பரில் தொடங்கி 1995 வரை ஓடிய அந்த நிகழ்ச்சியில் இரண்டிரண்டு பேராக வருவார்கள். ஒருவர் டார்ட்ஸ் எறிவார், மற்றவர் கேள்விக்குப் பதில் சொல்வார். கடைசியில் ஆறு அம்புகளில் 101 புள்ளிகளாவது எடுத்தால் பெரும் பரிசு. முதல் மூன்று அம்புகளை எறிவது டார்ட்ஸ் தெரியாத கூட்டாளி. அவர் எறிந்து முடித்ததும் இன்னும் எத்தனை வேண்டும் என்று நாடெங்கும் வீடுகளில் கழித்தல் கணக்கு நடக்கும். தோற்றால், நடத்துநர் ஜிம் போவன் திரையை விலக்கி, கைக்கு எட்டாமல் போன பரிசைக் காட்டுவார். அது கடலே இல்லாத ஊர்க்காரருக்கு ஒரு விசைப்படகாகவும் இருக்கலாம். அன்றைய ஒலிபரப்பு அதிகாரசபை பரிசுகளின் மதிப்புக்கு வரம்பு வைத்திருந்ததால் மற்றப் பரிசுகள் எளியவை. அந்த எளிமையே பின்னாளில் வேடிக்கையாகவும் பாசமாகவும் நினைவில் நின்றது.

இவ்விரண்டுக்கும் உள்ள ஆழமான ஒற்றுமை வேறொன்று. டார்ட்ஸ் எறியக் கற்றுத்தரும் பள்ளி கிடையாது. மதுச்சாலைச் சுவரில் மாட்டிய பலகையில் மாலை மாலையாக எறிந்து வருவது அது. ஆயிரம் பாடல்களின் பல்லவியை மனதில் வைத்திருப்பதற்கும் பட்டம் கிடையாது. கேட்டுக் கேட்டு வந்த சேமிப்பு அது. உழைக்கும் மக்கள் யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைத்த ஒரு திறமைக்கு இந்த நிகழ்ச்சிகள் பொது மேடை கொடுத்தன. 2000இல் இந்தியாவில் தொடங்கிய கோடீஸ்வரன் வகைப் போட்டிகள் கேட்டது பாடப்புத்தக அறிவை. அங்கே ஆசிரியர் முன்னால் இருப்பார், தொழிலாளி பின்னால் இருப்பார். பாட்டுப் போட்டியில் அந்த வரிசை குலைந்தது.

ஏக்கத்துக்குச் சொல்லப்படும் காரணங்கள்

இப்படிப்பட்ட ஏக்கத்தை ஆய்வாளர்கள் பல வழிகளில் விளக்கியிருக்கிறார்கள். அவற்றில் நான்கை எடுத்துக்கொள்வோம்.

முதல் விளக்கம் வயதைச் சார்ந்தது. பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்தின் நினைவுகள் முதுமையிலும் அடர்த்தியாக நிற்கின்றன என்று உளவியலாளர் டேவிட் ரூபினும் தோழர்களும் 1986இல் எடுத்துக் காட்டினார்கள். அதன்படி, மக்கள் ஏங்குவது நிகழ்ச்சிக்காக அல்ல, தம் இளமைக்காக. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதே வயதில் கேட்ட எத்தனையோ நிகழ்ச்சிகள் மறந்துபோனபோது இது மட்டும் ஏன் நின்றது என்பதற்கு இதில் பதில் இல்லை.

இரண்டாவது விளக்கம் குரலைச் சார்ந்தது. 1956இல் ஹோர்ட்டன், வோல் என்ற இருவர், ஊடக நடத்துநரோடு நேயர் கொள்ளும் ஒருதலை நட்பை ஆராய்ந்தார்கள். நேரில் பாராதவரை நெருங்கியவராக உணரும் உறவு அது. கே. எஸ். ராஜாவின் வேகத்துக்கும் ஹமீதின் தெளிந்த உச்சரிப்புக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஜிம் போவன் முன்னர் ஒரு பள்ளியின் துணைத் தலைமையாசிரியர். திக்கித் திணறி, போட்டியாளரின் பதிலைச் சரியாகக் கேளாமல் பேசியதே அவரைப் பக்கத்து வீட்டுக்காரராக்கியது. ஆயினும் குரலே காரணம் என்றால், அதே குரல் இன்று பேசும்போது அந்தப் பழைய உணர்வு முழுதாகத் திரும்ப வேண்டும். பாதிதான் வருகிறது.

மூன்றாவது விளக்கம் கூட்டத்தைச் சார்ந்தது. பழைய நினைவு தனிமையைத் தணித்து, பிறரோடு சேர்ந்திருக்கிறோம் என்ற உணர்வைத் தருகிறது என்று கொன்ஸ்டன்டைன் செடிகிடிஸும் அவர் குழுவினரும் தம் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். ஒரு லயத்துக்கு ஒரு ரேடியோ, ஒரு தோட்டத்துக்கு ஒரு தொலைக்காட்சி என்றிருந்த நாட்களை நினைத்தால் இது சரியாகத் தோன்றும். கையில் ஆளுக்கொரு திரை இருக்கும் வீட்டில் யாரும் யாரையும் முந்திக்கொண்டு பாட முடியாது.

நான்காவது, ஸ்வெட்லானா போயிம் 2001இல் வெளியான நூலில் செய்த பாகுபாடு. இழந்ததை அப்படியே கட்டியெழுப்பத் துடிக்கும் ஏக்கம் ஒன்று. இழந்ததைத் தள்ளி நின்று எண்ணிப் பார்க்கும் ஏக்கம் இன்னொன்று. முதல் வகை, அந்தக் காலமே பொற்காலம் என்று அடம்பிடிக்கும். இரண்டாம் வகை, அப்போது என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று இரண்டையும் கேட்கும்.

நான்கும் பொதுவான விளக்கங்கள். லண்டனுக்கும் மதுரைக்கும் அவை ஒன்றுபோல் பொருந்தும். கண்டி மலைகளுக்கு மட்டும் உரிய ஒரு காரணம் அவற்றில் அகப்படவில்லை.

பெயர் சொல்லி அழைத்த அரசக் குரல்

சுதந்திரம் கிடைத்த ஆண்டான 1948இலேயே நிறைவேறிய பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை தொகையாகப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கு 1974இல் பாதி பாதியாகத் தீர்க்கப்பட்டது. நாடற்ற நிலைக்கு முடிவு கட்டும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட தலைமுறைகள் அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கும் தூதரகத்துக்கும் விண்ணப்பத்தோடு அலைந்தன. காகிதம் இருந்தால் ஆள், இல்லாவிட்டால் ஆளே இல்லை.

அதே ஆண்டுகளில் அதே அரசின் வானொலி தமிழில் பேசியது. நேயர் விருப்பத்தில் பெயரும் ஊரும் வாசித்தது. ஓர் அஞ்சலட்டையில் தோட்டத்தின் பெயரை எழுதி அனுப்பினால், அந்தத் தோட்டத்தின் பெயர் தீவு முழுவதும் கேட்கும், இராமேசுவரத்திலும் கேட்கும். அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெறாத ஒருவரின் பெயரை அரசாங்கக் குரல் மரியாதையோடு சொன்னது. போட்டி நிகழ்ச்சி இதை ஒருபடி மேலே கொண்டுபோனது. அங்கே பெயரோடு திறமையும் எண்ணப்பட்டது. எந்தப் பிரிவில் பதிவு, எந்த ஆண்டில் வந்தவர், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று அந்தப் போட்டி யாரையும் கேட்கவில்லை. எழுத்தைக் கொடுத்தது, பாட்டைக் கேட்டது. பெரும்பாலோர் மேடைக்குப் போகவே இல்லை என்பது உண்மைதான். ஆனால் போகத் தடையில்லாத ஒரு மேடையை வீட்டிலிருந்து கேட்பதற்கும், நமக்குரியதல்ல என்று தெரிந்த ஒன்றைக் கேட்பதற்கும் வேறுபாடு உண்டு.

தோட்டப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றதே 1970களில்தான் என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் பெரும்பாலான தோட்டங்களில் தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. எழுத்துகளின் ஒலியைக் கவனித்து, அவற்றில் தொடங்கும் சொல்லைத் தேடி, நேரத்துக்குள் நினைவிலிருந்து எடுத்துச் சொல்லும் பயிற்சியை ரேடியோப் பெட்டி கொடுத்தது. பலருக்கு அது இரண்டாம் பள்ளிக்கூடம்.

ஒப்பந்தப்படி கப்பலேறியவர்களோடு இந்த நினைவும் போனது. தலைமன்னார் - இராமேசுவரம் படகுப் போக்குவரத்து 1984இல் நிற்கும்வரை கண்டி, மாத்தளை, நுவரெலியாத் தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் புறப்பட்டன. பலர் நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம், தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கும் அவர்கள் ‘சிலோன்காரர்’தான். தாயகம் என்று சொல்லப்பட்ட ஊரில் பழகிய குரலைக் கேட்க இலங்கை வானொலியைத் திருப்ப வேண்டியிருந்தது. கடலின் இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் அந்தப் பக்கம் போனவர்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே எழுத்து கொடுக்கப்பட்டது.

மறக்கப்படும் பக்கங்கள்

ஏக்கம் வசதியானதை மட்டும் எடுத்து வைக்கும். கணக்கில் வராத சில விடயங்களையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, அது வணிகம். ‘உமாவின் வினோத வேளை’ என்றாலும் ‘லலிதாவின் பாட்டுக்குப் பாட்டு’ என்றாலும் விளம்பரதாரரின் பெயரே நிகழ்ச்சியின் முதல் சொல். நாட்சம்பளத்தில் வாழ்ந்தவர்களுக்கு நகைக்கடையின் பெயர் பாட்டோடு சேர்ந்து மனப்பாடமானது.

இரண்டாவது, அந்தப் போட்டியின் மூலதனம் சென்னைத் திரைப்பாடல். இலங்கையில் தமிழ்ப் படைப்புகள் இல்லாமலில்லை. ‘கோமாளிகளின் கும்மாளம்’ என்ற வானொலி நாடகம் 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமானது, வி. பி. கணேசனின் ‘புதிய காற்று’ 1975இல் மலையக வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்தது. மெல்லிசையும் பொப்பிசையும் வளர்ந்தன. ஆனால் எழுத்து கொடுக்கப்பட்டதும் நாவில் முதலில் வந்தது கோடம்பாக்கம். மலையகத்தின் சொந்த நாட்டார் பாடல்கள் அந்த மேடையில் செல்லாக் காசு. தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டுக்கு அங்கே புள்ளி இல்லை.

மூன்றாவது, காலம் அவ்வளவு இனிமையானதல்ல. 1983 ஜூலைக் கலவரம் கண்டி நகரின் தமிழ்க் கடைத்தெருவையும் எரித்தது. மக்கள் கொண்டாடிய கே. எஸ். ராஜா பின்னர் கொல்லப்பட்டார். வானொலி இணைத்து வைத்த நேயர்களை நாடு பிரித்துக்கொண்டிருந்தது. ‘அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக இருந்தோம்’ என்ற வாசகம் ரேடியோப் பெட்டியைச் சுற்றி மட்டுமே முழு உண்மை.

நான்காவது, ரேடியோ யார் வீட்டில் இருந்தது என்ற கேள்வி. கங்காணி வீட்டிலோ கணக்கப்பிள்ளை வீட்டிலோ இருந்த பெட்டிக்கு மற்றவர்கள் வாசலில் நின்று காது கொடுத்த காலமும் உண்டு. எல்லோரும் சமமாக ஆடிய விளையாட்டில் உட்காரும் இடம் சமமாக இருக்கவில்லை. மாலையில் அடுப்படியில் நின்ற பெண்களுக்குச் சுவரைத் தாண்டி வந்த பாதி ஒலியே மிஞ்சியது.

திரும்பக் கொண்டுவருதல்

‘புல்ஸ்ஐ’ இருமுறை திரும்பி வந்தது. 2006இல் ‘சேலஞ்’ அலைவரிசையில் டேவ் ஸ்பைக்கி நடத்தினார். 2024 கிறிஸ்துமஸுக்கு முன்னாள் கிரிக்கெட் வீரர் பிளின்டொஃப் நடத்தினார். பழைய நாடாக்கள் காப்பகத்தில் இருந்ததால் மறுஒளிபரப்பும் தொடர்ந்து நடந்தது. அந்த நாடாக்களுக்கு யாரும் எதிர்பாராத பயனும் கிடைத்தது. 1989இல் போட்டியாளராக வந்த ஒருவரின் உருவம், வேல்ஸில் நடந்த கொலைகள் தொடர்பாகச் சாட்சிகள் சொல்லி வரையப்பட்ட படத்தோடு ஒத்திருந்தது. 2011இல் அவர் தண்டிக்கப்பட்டார். பொழுதுபோக்குக்காகப் பதிவு செய்தது வழக்கு மன்றத்தில் சாட்சியானது.

இலங்கையில் நிலைமை வேறு. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் இசைத்தட்டு நூலகம் பேர்போனது. இந்தியாவிலேயே கிடைக்காத தட்டுகளைத் தேடி அங்கே வந்தவர்கள் உண்டு. ஆனால் தட்டுகளுக்கிடையே அறிவிப்பாளர் பேசியதும் போட்டியாளர் தடுமாறியதும் தட்டில் பதிவதில்லை. பாட்டு இருக்கிறது, பாட்டுக்குப் பாட்டு இல்லை. நேயர்கள் தம் கெசட்டுகளில் பதிந்து வைத்தவையும், அறிவிப்பாளர்கள் எழுதிய நினைவு நூல்களுமே இப்போது ஆதாரங்கள். அப்துல் ஹமீதின் ‘வானலைகளில் ஒரு வழிப்போக்கன்’ அவ்வகையில் முக்கியமானது. தோட்டத்து நேயரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட நூல் இனித்தான் வர வேண்டும். அந்தத் தலைமுறை இருக்கும்போதே அவர்கள் வாய்மொழியைப் பதிவு செய்ய, மவுண்ட்பேட்டன் இருந்த அதே பேராதனையில் இன்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது.

புதிய பாட்டுப் போட்டிகளுக்குக் குறைவில்லை. 1998இல் வந்த சக்தி தொலைக்காட்சியும் தமிழ்நாட்டு அலைவரிசைகளும் இளம் பாடகர்களைத் தேடி நடத்தியவை பல. அவற்றில் குரல்வளம் முன்னைவிட உயர்ந்தது. ஆனால் நடுவர்கள் அமர்ந்தார்கள், சுருதி பார்த்தார்கள், பயிற்சி பெற்றவர் முன்னால் வந்தார். வீட்டில் இருப்பவருக்கு விடப்பட்டது குறுஞ்செய்தியில் வாக்களிப்பது மட்டும். ஆடியவர் வாக்காளரானார். மேடையில் அந்த வெறுமையான நொடிகள் இல்லை. இருந்தாலும் பின்னணி இசை அவற்றை நிரப்பிவிடுகிறது.

முடிவாக

மேலே பார்த்த விளக்கங்களில் இளமையும் குரலும் கூட்டமும் தம் பங்கைச் செய்கின்றன. ஆனால் வென்றவரையும் பரிசையும் மறந்த ஏக்கத்துக்கு அவை போதுமான விடையல்ல. ‘புல்ஸ்ஐ’ நேயரும் ‘பாட்டுக்குப் பாட்டு’ நேயரும் தேடுவது, தமக்குத் தெரிந்த ஒன்று பொதுவெளியில் பெறுமதியானதாகக் கருதப்பட்ட அந்த அரை மணி நேரத்தை. கண்டித் தோட்டங்களில் அதன் எடை கூடுதல். மற்ற எல்லா வாசலிலும் காகிதம் கேட்கப்பட்ட மக்களுக்கு, காகிதம் கேட்காத வாசல் அது ஒன்றுதான். பழைய நடத்துநரையும் பழைய இசையையும் வைத்து அந்த நிகழ்ச்சியை மறுபடி எடுத்தால் முதல் வாரம் பார்ப்பார்கள். அது நிலைக்க வேண்டுமானால் நடுவர் மேசையை அகற்றி, எழுத்தைச் சொல்லிவிட்டு, சில நொடிகள் வாய்மூடி இருக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். கொழுந்துப் பாட்டுக்கும் இந்த முறை புள்ளி உண்டு என்று அவர் சொன்னால், பழைய நிகழ்ச்சி தராமல் விட்டதையும் புதியது தந்ததாகும்.